உப்பு வண்டியும் ஜீப்பும்

தமிழுக்கும் தெலுங்குக்கும் நடுவே எல்லைத் தகராறு இல்லாத சொற்களில் ஒன்று 'இருசு'. மாட்டு வண்டியின் இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சுக்கு இரண்டு மொழியிலும் அதுதான் பெயர். 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து, சித்தூர் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டபோதுகூட இந்தச் சொல்லில் யாரும் பங்கு கேட்கவில்லை. ஆனால் ஜீப் வந்ததும் அது காணாமல் போயிற்று. சித்தூரிலும் திருப்பதியிலும் பட்டறைகளில் இன்று எல்லோருக்கும் அது 'ஆக்ஸில்'தான். பத்திரிகைக்காரன் பாடு திண்டாட்டம். 'முன் அச்சு மாற்றம்' என்று எழுதினால் பாதிப் பேர் அச்சகச் சமாச்சாரம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். இருந்தாலும் இந்த வாரம் அந்த முன் அச்சைப் பற்றித்தான்.

சித்தூர் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. வடகிழக்கே சேஷாசலம் மலைத்தொடர், மேற்கே பலமனேர், குப்பம் பக்கத்துக் காடுகளும் கரடுகளும். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டி ஒரு காலத்தில் ராணுவம், வன இலாகா, கொஞ்சம் வசதியான விவசாயி ஆகியோரின் சொத்தாக இருந்தது. 2010-ல் மஹிந்திராவின் 'தார்' வந்த பிறகு, அதிலும் 2020 அக்டோபரில் அதன் புதிய அவதாரம் வந்த பிறகு, அது மாதச் சம்பளக்காரரின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகவும் ஆகிவிட்டது. இரண்டு பெருநகரங்களிலிருந்தும் ஆட்கள் ஓடைப் படுகைகளையும் பாறைச் சரிவுகளையும் தேடிப் புறப்படுகிறார்கள். தேசியப் பூங்காவுக்குள் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. அடிவாரத்துப் புறம்போக்குகளில்தான்.

கதை எப்போதும் ஒரே வரிசையில் நடக்கிறது. முதலில் பெரிய டயர். பிறகு அந்த டயரைச் சுழற்றப் பலமான இன்ஜின். பிறகு ஒரு நாள் ஏதாவது ஓடைக்கரையில் முன்பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் போட்டதும் எழும் யோசனை, இதைவிடத் தடியான முன் அச்சு ஒன்றை வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டினால் என்ன என்பது.

என்ன என்று பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 1953-ல் அமெரிக்காவில் அறிமுகமாகி, பிறகு மஹிந்திரா உரிமம் பெற்றுப் பல்லாண்டுகள் நம் ஊரில் தயாரித்த சி.ஜே.3பி ஜீப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் பெட்ரோல் இன்ஜினின் முறுக்கு விசை சுமார் 154 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது 2.8 மடங்காகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸை 'லோ'வில் போட்டால் அதற்கு மேல் 2.46 மடங்கு. அச்சின் நடுவில் இருக்கும் கிரவுன் வீலும் பினியனும் அதை இன்னும் 5.38 மடங்காக்குகின்றன. பெருக்கிப் பாருங்கள்: 37 மடங்கு. உராய்வில் போவதைக் கழிக்காமல் சொன்னால் 5,700 நியூட்டன் மீட்டர் சக்கரங்களுக்கு வந்து சேர்கிறது. சமதரையில் இதை முன் அச்சும் பின் அச்சும் பங்கிட்டுக்கொள்ளும். பின் சக்கரங்கள் சேற்றில் வழுக்கி, முன் சக்கரம் ஒன்று மட்டும் பாறையில் கவ்விக்கொண்டால்? பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்னையும் பின்னையும் இறுக்கிப் பூட்டிவிடுவதால் பளுவில் பெரும்பகுதி முன் அச்சின் தலையில் விழும். அதே ஜீப்பில் 2010-ன் தாரில் வந்த 247 நியூட்டன் மீட்டர் டீசல் இன்ஜினை ஏற்றி, கியர்களை அப்படியே விட்டால், கணக்கு 9,100-ஐத் தாண்டிவிடும். அச்சு மட்டும் பழைய அச்சு.

டயரின் பங்கும் சாமானியமல்ல. சிறிய டயர், பளு மிஞ்சினால் வழுக்கிவிடும். அந்த வழுக்கல்தான் அச்சுக்குப் பாதுகாப்பு. 28 அங்குல டயரை 35 அங்குலமாக்கினால், அது வழுக்குவதற்கு முன் அச்சு தாங்க வேண்டிய முறுக்கு கால்வாசி கூடிவிடுகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நிலைமை இன்னும் மோசம். முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், சுழலவும் வேண்டும் என்பதால் அச்சுத் தண்டின் இரு முனையிலும் ஒரு ஜாயிண்ட் இருக்கிறது. அது எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு பலவீனம். 1985 முதல் 2018 வரை தயாரான மாருதி ஜிப்ஸியில் பெரிய டயர் போட்டவர்களுக்கு இந்த ஜாயிண்ட்டின் அருமை நன்றாகவே தெரியும்.

அமெரிக்காவில் இதற்குத் தீர்வு ஓர் எண்ணாகவே புழங்குகிறது. பழைய வில்லிஸ் ஜீப்புகளின் முன் அச்சு 'டேனா 25' என்றழைக்கப்படும் வகை. கிரவுன் வீலின் விட்டம் ஏழே முக்கால் அங்குலம். ஜீப் பிரியர்கள் ஆசைப்படுவது எட்டரை அங்குலக் கிரவுன் வீல் கொண்ட 'டேனா 44'. தடித்த தண்டு, தடித்த குழல், பெரிய ஜாயிண்ட். இந்த ஆசையைக் கம்பெனியே புரிந்துகொண்டு 2003-ல் தன் 'ராங்ளர் ரூபிகான்' ரகத்தில் முன்னும் பின்னும் 44-ஐப் போட்டு விற்றது. நம் ஊரில் அப்படி ஒரு எண்ணைச் சொல்லிக் கடையில் வாங்கிவிட முடியாது. காயலான் கடையில் என்ன வந்திருக்கிறதோ அதுதான் அளவு.

இங்கேதான் பட்டறை மேஸ்திரியின் கைத்திறமை சோதனைக்கு வருகிறது. பலமான அச்சு என்பதற்காக எதையும் மாட்டிவிட முடியாது. முதல் கேள்வி விகிதம். பின் அச்சில் 5.38 இருக்க முன்னால் 4.88 போட்டால், தாரில் போகும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் ஓட முயன்று, நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கி உடைத்துவிடும். இரண்டாவது, டிஃபரென்ஷியல் உருண்டை எந்தப் பக்கம் என்பது. வில்லிஸ் வம்சத்து ஜீப்பில் அது நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வரும் தண்டும் அதே பக்கம்தான். இடப்பக்க உருண்டை உள்ள அச்சு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்த வண்டிக்குப் பயன்படாது. அகலம் அடுத்தது. அச்சு நீளமானால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொள்ளும், திருப்பும்போது பளுவெல்லாம் பேரிங்கில் ஏறும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, என் பார்வையில் அதுதான் உயிர் போகிற இடம். சைக்கிளின் முன் ஃபோர்க் நேராக நிற்பதில்லை, மேல்முனை சற்றே பின்னால் சாய்ந்திருக்கும். அதனால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. ஜீப்பின் கிங் பின்னுக்கும் அதே போல் சில டிகிரி சாய்வு வேண்டும். வேறு வண்டியின் அச்சை எடுத்து, ஸ்பிரிங் பட்டை உட்காரும் மேடையை அறுத்து, புதிய இடத்தில் வெல்டிங் வைக்கும்போது அச்சு எந்தக் கோணத்தில் உட்காருகிறதோ அதுதான் கிங் பின்னின் சாய்வு. மேஸ்திரி அதைக் கண்ணால் அளந்து வைத்தால், வண்டி பட்டறையை விட்டு ஒழுங்காகத்தான் போகும். ஊருக்குள் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் அறுபது, எழுபதில் ஒரு சின்னக் குழியில் விழுந்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் பேய் பிடித்தது போல் ஆட ஆரம்பிக்கும். ஸ்டியரிங் கையில் நிற்காது. வேகத்தைக் குறைத்தால் ஒழிய ஆட்டம் அடங்காது.

பிரேக்கைச் சொல்லவே இல்லையே. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். புதிதாக மாட்டும் அச்சில் டிஸ்க் இருந்தால் நல்லதுதான், ஆனால் டிஸ்க்குக்கு வேண்டிய எண்ணெய் அளவும் அழுத்தமும் வேறு. மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் அச்சை மட்டும் மாற்றினால் முன்னும் பின்னும் பிடிக்கும் பிடி ஒத்துப்போகாது. சேற்றில் இது தெரியாது. மலையிறக்கத்தில் தெரியும்.

திருப்பதிக்காரர்களுக்கு மலையிறக்கத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருமலைக்கு முதல் மலைச்சாலை 1944-ல் திறந்தது. 1974-ல் இரண்டாவது சாலை வந்த பிறகு, புதியதில் ஏறிப் பழையதில் இறங்குவது என்று ஆயிற்று. கொண்டையூசி வளைவுகள் நிறைந்த அந்தப் பழைய சாலையில் வேகமாக இறங்குகிறவர்களைக் கட்டுப்படுத்த, இறங்க 40 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று நேரக் கட்டுப்பாடே வைத்தார்கள். கோவிந்தா சொல்லிக்கொண்டு ஏறும் ஷேர் ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு முன் சக்கரத்தில் விசையே கிடையாது. அவற்றின் முன் அச்சு வெறும் இரும்புக் கட்டை. அச்சு மாற்றும் ஆசையெல்லாம் அந்த டிரைவர்களுக்கு இல்லை, அவர்கள் கவலை வேறு. ஆனால் இறக்கத்தில் எந்த வண்டிக்கும் பளு முன்னால்தான் சாய்கிறது. ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் அந்த ஒரே கட்டையில்தான் தொங்குகின்றன. காட்டில் பாறை ஏறுவதற்காகக் கண்ணளவில் வெல்டிங் வைத்த அச்சு, சனிக்கிழமை குடும்பத்தோடு திருமலைக்கும் போகிறது. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

பலமான அச்சு இன்னொரு வேலையும் செய்கிறது. உடையும் இடத்தை நகர்த்துகிறது. அச்சுத் தண்டு உடையவில்லையா, ஜாயிண்ட் உடையும். ஜாயிண்ட்டையும் மாற்றினால் கிரவுன் வீலின் பல் போகும். அதையும் மாற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ். ஒவ்வொரு படியிலும் செலவு கூடிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். வீட்டு மின்சாரப் பெட்டியில் ஃபியூஸ் கம்பி எரிந்தால் யாரும் அதை இரும்புக் கம்பியாக மாற்றுவதில்லை. மலிவான, எளிதில் மாற்றக்கூடிய தண்டு ஒன்று முதலில் உடைவது ஒரு வகையில் அந்த வண்டியைச் செய்தவர்கள் நமக்குச் செய்த உபகாரம்.

இதை நம் ஆட்கள் வெகு காலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். புறநானூற்றில் 102-ம் பாட்டு ஔவையார் பாடியது, அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றியது. அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. குப்பத்தில் எல்லை தாண்டிக் கிருஷ்ணகிரி வழியாகப் போனால் எட்டிவிடும் தூரம். அந்தப் பாட்டில் ஓர் உப்பு வண்டி வருகிறது. எருதுகள் இளசு, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியில் சரக்கோ ஏகத்துக்கும். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யார் கண்டது? அதனால் உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அதற்குப் பெயர் 'சேம அச்சு'. அரசன் தன்னை அண்டியவர்க்கு அப்படிப்பட்ட துணை என்பது உவமை. எம்.ஏ. வகுப்பில் இந்தப் பாட்டை உவமைக்காகத்தான் படித்தோம். எனக்கு இப்போது உவமையைவிட வண்டிதான் சுவாரஸ்யமாகப் படுகிறது. பழகாத விசை, மிதமிஞ்சிய பாரம், தெரியாத பாதை: இன்றைக்கு ஒருவர் முன் அச்சை மாற்றக் கிளம்புவதற்குச் சொல்லும் மூன்று காரணங்களும் அதில் இருக்கின்றன. ஆனால் உமணர் இரண்டு மடங்கு தடியான அச்சைப் போட்டு வண்டியின் கனத்தைக் கூட்டவில்லை. உடையும் என்று ஒப்புக்கொண்டு, உடைந்தால் மாற்ற ஒன்றைக் கையோடு கொண்டுபோனார்கள்.

வாரம் ஒரு நாள் ஓடையில் இறங்குகிறவருக்கு அந்த உப்பு வணிகரின் வழியே போதும் என்பது என் கட்சி. மாற்று அச்சுத் தண்டு இரண்டு, ஜாயிண்ட் இரண்டு, அவற்றைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஒரு கை. பெரிய டயர் இல்லாமல், ஸ்டியரிங்கை ஒடித்த நிலையில் மிதிக்காமல் இருந்தால் அவைகூடத் தேவைப்படாது. முழு அச்சு வேண்டும் என்கிறவர் அதோடு வருகிற வண்டியையே வாங்கலாம். 2023-ல் வந்த மாருதி ஜிம்னியில் முன்பக்கம் ஒரே கட்டையாகத்தான் வருகிறது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கல் குவாரிக்கும் காட்டோரக் கிராமத்துக்கும் தினசரி பாரம் ஏற்றிப் போகிற பழைய ஜீப் உண்டு. அதன் சொந்தக்காரர் புது வண்டி வாங்க முடியாது. அவருக்கு அச்சு உடைவது ஞாயிற்றுக்கிழமை கெடுவது அல்ல, அன்றைய கூலி போவது. அவர் பலமான அச்சைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது?

முடியாது என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை விளக்கி 2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் இதற்குத் தண்டனையையும் நிர்ணயித்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்கவும் அது ஒரு வசதியான காரணம்.

தீர்ப்பின் தர்க்கத்தைக் குறை சொல்ல முடியாது. சித்தூர், நெல்லூர் மாவட்டங்களிலிருந்து பிரித்து 2022 ஏப்ரலில் உருவாக்கிய திருப்பதி மாவட்டத்தில்தான் ஸ்ரீசிட்டி இருக்கிறது. அங்கே 2016 ஏப்ரலில் திறந்த இசுசு ஆலையில் நான்கு சக்கர விசையுள்ள 'வி-கிராஸ்' பிக்கப் தயாராகிறது. முன்பக்கம் ஒரே கட்டையாக இல்லாமல், இரண்டு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு. அந்த வண்டியின் மாதிரி ஒன்று பிரேக், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாகச் சோதனை முடித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் முதல் வண்டி சாலைக்கு வந்தது. அவ்வளவு சோதனை செய்த வண்டியின் முன்பாகத்தை ஒருவர் அறுத்து எறிந்துவிட்டு, வெல்டிங் ராடும் சாக்பீஸ் கோடுமாக வேறொன்றை ஒட்டினால், பழைய சான்றிதழ் எதற்குச் சான்று?

எனக்கு இடிப்பது வேறு இடம். அதே 52-வது பிரிவு பெட்ரோல் வண்டியில் சி.என்.ஜி. கிட் பொருத்த அனுமதிக்கிறது. மாற்றுத் திறனாளிக்கு ஏற்ப வண்டியைத் திருத்தியமைக்கவும் வழி வைத்திருக்கிறது. கிட்டைச் சோதிக்க ஒரு நிறுவனம், சான்றிதழ், பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி. சோதித்துப் பார்த்து அனுமதிக்கும் வித்தை இந்த நாட்டுக்குத் தெரியாதது அல்ல என்பதற்கு இவையே அத்தாட்சி. ஜெர்மனியில் இப்படி மாற்றிய வண்டியை அங்கீகாரம் பெற்ற நிபுணர் ஒருவர் பார்த்து, சரியென்றால் வண்டியின் ஆவணத்தில் பதிய வைக்கிறார். பிரிட்டனில் பல ஆண்டுகள் ஒரு புள்ளிக் கணக்கே இருந்தது. மூல வண்டியின் சேஸிஸுக்கு 5, ஸ்டியரிங்குக்கு 2, அச்சுகளுக்கு 2, இன்ஜினுக்கு வெறும் 1. எட்டுப் புள்ளி மிஞ்சியிருந்தால் வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாம். இன்ஜினைவிட அச்சுக்கு இரண்டு மடங்கு மதிப்பெண் போட்ட அந்த அதிகாரி யாரோ, விஷயம் தெரிந்தவர்.

ஒட்டுமொத்தத் தடையால் அச்சு மாற்றுவது நின்றுவிடவில்லை. பேசாமல் நடக்கிறது. சாய்வை டிகிரிக் கணக்கில் அளந்து, மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றிக் கொடுக்கிற மேஸ்திரியும், கண்ணளவில் ஒட்டி அனுப்புகிறவரும் சட்டத்தின் முன் ஒன்றுதான். முன்னவர் தன் வேலையைச் சொல்லி விளம்பரம் செய்ய முடியாது, பில் எழுதிக் கொடுக்க முடியாது, பழக வரும் பையனுக்கு 'இது முறை' என்று காட்ட ஒரு காகிதம் கிடையாது. வண்டி வாங்குகிறவருக்கோ இருவரில் யார் எப்படி என்று தெரிந்துகொள்ள வழியில்லை. இத்தனைக்கும் கிங் பின்னின் சாய்வை அளக்கும் வீல் அலைன்மென்ட் கருவி சாதாரண டயர் கடைகளிலேயே இருக்கிறது. சக்கரம் சக்கரமாகப் பிரேக் பிடியைக் காட்டும் உருளை மேடைகள் வாகனத் தகுதிச் சோதனை மையங்களுக்கு வந்துவிட்டன. அந்த இரண்டு சீட்டையும் வாங்கிப் பார்த்து, 'முன் அச்சு மாற்றப்பட்டது' என்று பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி எழுத ஆய்வாளருக்கு அதிகாரம் தரும் விதி ஒன்றுதான் பாக்கி.